ஒன்றரை நாளுக்கு ஒரு நடுக்கம்

மொன்றியலை அடுத்த லவாலில் தை மாதக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை வரை இறங்கும் இரவுகளில் சில வீடுகளில் திடீரென்று வெடிச்சத்தம் கேட்கும். சுவர் ஒருதடவை அதிரும். படுக்கையிலிருந்து எழுந்தவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், யன்னலால் வீதியைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "உங்களுக்கும் கேட்டதா?" என்ற கேள்வி வந்துவிடும்.

பெரும்பாலும் அது உறைபனி வெடிப்புத்தான். மழையோ பனியுருக்கமோ மண்ணை நனைத்துவிட்டுப் போன பிறகு வெப்பநிலை சட்டென்று விழுந்தால், மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரியும். விரிவதற்கு இடம் இல்லாதபோது நிலம் பிளக்கும். சத்தம் பெரிது, ஆழம் ஓரிரு மீற்றர், நாலு வீதி தள்ளி இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பகலில் வரும் அதிர்வுக்கு வேறொரு காரணம் உண்டு. லவால் இருக்கும் ஜேசு தீவின் அடியில் சுமார் 45 கோடி ஆண்டு பழைய சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. அதை வெட்டும் கற்குவாரிகள் நகர எல்லைக்குள்ளேயே இயங்குகின்றன. வெடி வைக்கும் நாட்களில் பக்கத்துக் குடியிருப்புகளில் கண்ணாடி யன்னல்கள் கிணுகிணுக்கும்.

மூன்றாவது காரணம் உண்மையான நிலநடுக்கம். மொன்றியல் வட்டாரம் கனடாவின் 'மேற்குக் கியூபெக் நிலநடுக்க வலயம்' என்ற பரப்புக்குள் அமைந்திருக்கிறது. அந்த வலயத்தில் சராசரியாக ஐந்து நாளுக்கு ஒருமுறை நிலம் நடுங்குகிறது. அனேகமாக எல்லாமே மனிதர் உணர முடியாத அளவுக்குச் சிறியவை. உணரக்கூடிய அளவில் ஒன்று வந்துவிட்டால், மூன்றில் எது என்று சொல்லக்கூடியவை நிலநடுக்கமானிகள் மட்டுமே.

அவை எப்படிச் சொல்கின்றன? குவாரி வெடி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தள்ளும். ஆகவே சுற்றியுள்ள ஒவ்வொரு கருவியிலும் முதல் அசைவு மேல்நோக்கியே பதிவாகும். நிலநடுக்கத்தில் பாறையின் இரு பக்கங்கள் ஒன்றையொன்று உரசி வழுக்குகின்றன. அதனால் சில திசைகளில் இருக்கும் கருவிகள் முதலில் தள்ளப்படும், வேறு சில திசைகளில் இருப்பவை முதலில் இழுக்கப்படும். காகிதத்தில் ஒரு முனை மேலே போகிறதா கீழே போகிறதா என்ற இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து, பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் எந்தப் பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று வரைந்துவிடலாம். ஆனால் அதற்கு ஒரு கருவி போதாது. எல்லாத் திசைகளிலும் கருவிகள் வேண்டும். இந்த அத்தியாயம் அந்தக் கருவிகளின் கூட்டத்தைப் பற்றியது.

கண்டத்தட்டுகளின் விளிம்பில்தான் நிலநடுக்கம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு, கியூபெக்கில் ஏன் வர வேண்டும் என்ற கேள்வி எழுவது நியாயமே. மொன்றியலிலிருந்து வட அமெரிக்கத் தட்டின் கிழக்கு விளிம்புக்குப் போக அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவரை போக வேண்டும். விடை இந்த நிலத்தின் பழைய காயத்தில் இருக்கிறது. சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பெருங்கண்டம் பிளந்து, அத்திலாந்திக்குக்கு முந்திய ஐயப்பெட்டஸ் என்ற சமுத்திரம் திறந்தது. அந்தப் பிளப்பில் உண்டான ஆழமான முறிவுகள் சென் லோரன்ஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு நெடுகிலும் ஒட்டாவா ஆற்றின் பள்ளத்தாக்கு நெடுகிலும் இன்னும் கிடக்கின்றன. நடு அத்திலாந்திக்கில் புதிய கடலடித்தரை பிறந்து தட்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் கண்டம் முழுவதும் பரவியிருந்தாலும், பாறை ஏற்கெனவே முறிந்த இடத்தில்தான் அது வழி தேடுகிறது. அதோடு, கடைசிப் பனியுகத்தில் இரண்டு மூன்று கிலோமீற்றர் தடிப்பான பனிப்பாளம் இந்த நிலத்தை அமுக்கி வைத்திருந்தது. பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டு கடந்த பிறகும் நிலம் இன்னும் மெல்ல நிமிர்ந்துகொண்டிருக்கிறது.

மேற்குக் கியூபெக் வலயத்தின் சிறு நடுக்கங்களை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால் இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று ஒட்டாவா ஆற்றோடு போகிறது. மற்றது மொன்றியலில் தொடங்கி வடமேற்கே பாஸ்கடோங் நீர்த்தேக்கப் பக்கமாக நீள்கிறது. லவால் இரண்டாவது பட்டையின் நுனியில் இருக்கிறது. மொன்றியல் தீவிலும் ஜேசு தீவிலும் சுண்ணாம்புப் பாறையைக் குறுக்கே வெட்டும் பழைய பிளவுகளை நிலவியலாளர்கள் வரைபடமாக்கியுள்ளார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட நிலநடுக்கத்தை இந்தப் பிளவுதான் உண்டாக்கியது என்று அவற்றில் எதன்மீதும் உறுதியாகக் கைவைக்க முடியவில்லை. கலிபோர்னியாவின் சான் ஆந்திரியாஸ் பிளவை வயலின் குறுக்கே நடந்துபோய்ப் பார்க்கலாம். இங்கே நடுங்கும் பிளவுகள் நிலத்தின் மேலே முகம் காட்டுவதில்லை.

1732 செப்டெம்பர் 16ஆம் திகதி மொன்றியல் ஒரு சிறு பிரெஞ்சுக் குடியேற்றம். அன்று வந்த நடுக்கத்தில் சுமார் 300 வீடுகள் சேதமடைந்தன. புகைபோக்கிகள் வரிசையாக விழுந்தன, சுவர்கள் வெடித்தன. கருவிகள் எதுவும் இல்லாத காலம். எனவே பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஊர் ஊராக ஒப்பிட்டுத்தான் அதன் அளவைக் கணிக்க வேண்டியிருந்தது. 1981இல் கப்ரியேல் லெபிளாங்க் அப்படிச் செய்து, அது சுமார் 5.8 அளவு இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அதே அளவில் ஒன்று இன்று அதே இடத்தில் வந்தால், அதன் மேலே பல இலட்சம் மக்கள் வாழும் நகரங்கள் நிற்கின்றன.

பிளவு கண்ணுக்குத் தெரியவில்லை, பெரிய நடுக்கம் தலைமுறைக்கு ஒருமுறைகூட வருவதில்லை. அப்படியானால் அதை எப்படித்தான் அறிவது? சிறு நடுக்கங்களைப் பொறுமையாக எண்ணி, ஒவ்வொன்றின் இடத்தையும் ஆழத்தையும் குறித்து வைப்பது ஒன்றுதான் வழி. இதைக் கிழக்குக் கனடாவில் மிக நன்றாகச் செய்திருக்கும் இடம் லவாலிலிருந்து சுமார் 350 கிலோமீற்றர் வடகிழக்கே, சென் லோரன்ஸ் ஆறு கடல்போல் அகலும் இடத்தில் உள்ள ஷார்ல்வுவா.

ஷார்ல்வுவாவை விடுமுறைக்குப் போய்ப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். திமிங்கிலம் பார்க்கத் தாதுசாக் போகும் வழியில் உள்ள மலைச்சாரல் ஊர்கள் அவை. அந்த மலைகளின் வடிவமே ஒரு விபத்தால் வந்தது. சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் இங்கே மோதி, 54 கிலோமீற்றர் விட்டமுள்ள பள்ளத்தை உண்டாக்கியது. அதன் பாதி இன்று ஆற்றுக்கு அடியில் கிடக்கிறது. பள்ளத்தின் நடுவில் எழும்பிய மேடுதான் லெ-செபுல்மோன் மலை. ஆக, கண்டம் பிளந்தபோது உண்டான முறிவுகளும் விண்கல் நொறுக்கிய பாறையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த இடம் இது. கிழக்குக் கனடாவிலேயே அதிகமாக நடுங்கும் நிலமும் இதுதான்.

1663 பெப்ரவரி 5ஆம் திகதி மாலை இங்கே வந்த நிலநடுக்கத்தை இன்றைய ஆய்வாளர்கள் 7 அளவுக்குக் குறையாது என்று மதிக்கிறார்கள். மலைச்சரிவுகள் ஆறுகளுக்குள் இறங்கின, நீர் பல நாள் கலங்கி ஓடியது. யேசு சபைத் துறவிகளின் அறிக்கைகளும், கியூபெக் நகரில் வாழ்ந்த துறவி மரி த லங்கர்னாசியோனின் கடிதங்களும் இல்லாவிட்டால் நமக்கு அதைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்காது. பிறகு 1791, 1860, 1870 ஆகிய ஆண்டுகளில் 6 அளவை ஒட்டியும் அதற்கு மேலும் நடுக்கங்கள் வந்தன. கடைசியாக 1925 பெப்ரவரி 28ஆம் திகதி இரவு 6.2. அது ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலும் உணரப்பட்டது.

1970இலும் 1974இலும் கனடிய ஆய்வாளர்கள் தற்காலிகக் கருவிகளைக் கொண்டுபோய் இந்தப் பகுதியில் வைத்துப் பார்த்தார்கள். தூரத்து நிலையங்களுக்குக் கேட்காத எத்தனையோ சிறு நடுக்கங்கள் பதிவாயின. அதன் பிறகு 1977இல் நிரந்தரமான உள்ளூர் வலையமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. ஆற்றின் தென்கரையில் ஏ-11, ஏ-16, ஏ-21, வடகரையில் ஏ-54, ஏ-61, ஏ-64, அவற்றோடு லா மல்பே நிலையம் ஒன்று. மொத்தம் ஏழு கருவிகள், அவற்றின் நடுவே சென் லோரன்ஸ் ஆறு. நிலநடுக்கவியலின் கணக்கில் இது சின்னக் கூட்டம்தான். ஆனால் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தார்கள்.

அந்த ஏழு கருவிகள் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பாறை வழுக்கும்போது இரண்டு வகை அலைகள் புறப்படும். பி அலை பாறையை நெருக்கி விரித்துக்கொண்டு போவது. கனடியக் கேடயம் எனப்படும் இந்தப் பழைய கடும்பாறையில் அதன் வேகம் செக்கனுக்குச் சுமார் 6.2 கிலோமீற்றர். எஸ் அலை பாறையைக் குறுக்கே அசைத்துக்கொண்டு போவது, வேகம் சுமார் 3.6 கிலோமீற்றர். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணி, மழை எவ்வளவு தூரத்தில் என்று ஊரில் சொல்வோமே, அதே கணக்குத்தான். இரண்டு அலைகளும் வந்து சேரும் இடைவெளியைச் செக்கனில் எடுத்து, கிட்டத்தட்ட எட்டரையால் பெருக்கினால் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். ஏ-54இல் இடைவெளி 2 செக்கன் என்றால் நடுக்கம் அங்கிருந்து 17 கிலோமீற்றர். அக்கரையில் ஏ-16இல் 3 செக்கன் என்றால் அங்கிருந்து 25 கிலோமீற்றர். மூன்றாவது, நான்காவது கருவிகள் சேரும்போது புள்ளி ஒன்றாக இறுகும்.

இந்தக் கணக்கில் கஷ்டமானது ஆழம். நடுக்கம் எந்த ஊருக்குக் கீழே என்பதை நூறு கிலோமீற்றர் தள்ளி இருக்கும் கருவிகளாலும் ஓரளவு சொல்ல முடியும். எவ்வளவு ஆழத்தில் என்பதைச் சொல்ல, கிட்டத்தட்ட அதன் தலைக்கு மேலேயே ஒரு கருவி இருக்க வேண்டும். நேர் கீழே நடந்த நடுக்கத்துக்கு அந்தக் கருவியில் ஒன்றரைச் செக்கன் இடைவெளி வந்தால், அந்தத் தூரம் முழுவதும் ஆழம்தான், அதாவது 12, 13 கிலோமீற்றர். உள்ளூர் வலையமைப்பின் முழு நியாயமும் இதில்தான் இருக்கிறது என்பேன். தூரத்து நிலையங்களை மட்டும் நம்பியிருந்தால், ஷார்ல்வுவாவின் நடுக்கங்கள் எந்தப் பாறையில் நடக்கின்றன என்பதே தெரிந்திருக்காது.

தெரிந்தது இதுதான். இந்த வலயம் ஆற்றோடு நீளமாகச் சுமார் 85 கிலோமீற்றர், அகலம் 30 கிலோமீற்றர். சராசரியாக ஒன்றரை நாளுக்கு ஒரு நடுக்கம் பதிவாகிறது. பெரும்பாலானவை ஆற்றுக்கு அடியில், 7 முதல் 15 கிலோமீற்றர் ஆழத்தில். சில 30 கிலோமீற்றர் வரை இறங்குகின்றன. தென்கரையில் மேலே கிடக்கும் அப்பலாச்சியப் பாறைகள் கிழக்கேயிருந்து தள்ளப்பட்டு வந்து படிந்தவை. அவற்றில் நடுக்கம் இல்லை. அவற்றுக்குக் கீழே உள்ள பழைய கேடயப் பாறையில்தான் எல்லாம் நடக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. விண்கல் நொறுக்கிய நடுப்பகுதியில் சிறு நடுக்கங்கள் ஏராளம், ஆனால் 4 அளவுக்கு மேற்பட்டவை வலயத்தின் இரு முனைகளிலேயே கூடுதலாக வருகின்றன. நொறுங்கிய பாறை சிறுகச் சிறுக நழுவுகிறது, உடையாத நீண்ட பிளவுகள் முனைகளில் பாரத்தைச் சேர்த்து வைக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கனடிய நிலவியல் அளவைத் துறையின் மோரிஸ் லமொந்தாஞ் இந்தப் பதிவுகளோடு பல ஆண்டுகள் இருந்து எழுதிய ஆய்வுகளைப் படித்தால், மனிதரால் உணர முடியாத அசைவுகளிலிருந்து ஒரு நிலத்தின் உள்ளமைப்பு மெல்ல மெல்லத் துலங்குவதைப் பார்க்கலாம். விஞ்ஞானத்தில் இந்த வகை வேலைக்குக் கைதட்டு கிடைப்பது குறைவு. எனக்கு அதன்மேல்தான் மதிப்பு அதிகம்.

எண்ணிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு வட்டாரத்தில் நடுக்கத்தின் அளவு ஒன்று கூடினால், எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. குட்டன்பர்க்கும் ரிக்டரும் 1940களில் கண்ட இந்த விதி உலகம் முழுவதும் பொருந்தி வருகிறது. ஆண்டுக்கு 3க்கு மேற்பட்டவை நான்கு வந்தால், 4க்கு மேற்பட்டது இரண்டரை ஆண்டுக்கு ஒன்று, 5க்கு மேற்பட்டது 25 ஆண்டுக்கு ஒன்று, 6க்கு மேற்பட்டது 250 ஆண்டுக்கு ஒன்று என்று கணக்கு நீளும். கனடாவின் தேசியக் கட்டடச் சட்டக்கோவை 50 ஆண்டுகளில் 2 சதவீத வாய்ப்புள்ள அதிர்வைத் தாங்கும்படி கட்டடங்களை வடிவமைக்கச் சொல்கிறது. அந்த இலக்கத்தின் அடியில் இத்தகைய சிறு நடுக்கங்களின் பட்டியல்தான் கிடக்கிறது. லவாலில் புதிதாக எழும் ஒரு மாடிக் குடியிருப்பின் தூண் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதில், யாரும் உணராத ஆயிரக்கணக்கான அதிர்வுகளுக்குப் பங்கு உண்டு.

ஆனால் இந்த நேர்க்கோட்டை அப்படியே நம்பிவிடவும் முடியாது. ஷார்ல்வுவாவில் 1791க்கும் 1870க்கும் நடுவே, எண்பது ஆண்டுக்குள், மூன்று பெரிய நடுக்கங்கள். 1925க்குப் பிறகு நூறு ஆண்டாக 6ஐத் தொட்ட ஒன்றுகூட இல்லை. கருவிகளின் வயது ஐம்பதுக்குக் கிட்ட, பிளவின் பழக்கவழக்கமோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஓடுவது. அதனால்தான் பழைய ஆவணங்களுக்கு இவ்வளவு மதிப்பு. யேசு சபையைச் சேர்ந்த பியேர் குவேன், எத்தியோப்பியாவில் நிலநடுக்க ஆய்வில் பல ஆண்டுகள் கழித்தவர், கியூபெக்கில் 1534 முதல் 1925 வரை உணரப்பட்ட நடுக்கங்களை ஆவணங்களிலிருந்து தேடித் தொகுத்து 2001இல் பெரிய நூலாக வெளியிட்டார். கருவிகள் தந்த பட்டியலும் அந்த நூலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

இத்தனை கருவிகள் இருந்தால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்லிவிடலாமே என்று பலர் கேட்பதுண்டு. முடியாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் பிறகு அடுத்த நடுக்கத்தின் திகதியோடு சமூக ஊடகச் செய்திகள் உலவுகின்றன. கலிபோர்னியாவின் பார்க்பீல்ட் என்ற சிற்றூரில் சுமார் 22 ஆண்டுக்கு ஒருமுறை 6 அளவு நடுக்கம் வந்துகொண்டிருந்தது. 1993க்குள் அடுத்தது வரும் என்று 1985இல் அறிவித்து, உலகிலேயே மிக நெருக்கமான கருவி வலையை அங்கே விரித்துக் காத்திருந்தார்கள். அது 2004 செப்டெம்பர் 28ஆம் திகதி வந்தது. முன்னறிகுறி என்று சொல்லத்தக்க எதையும் அந்தக் கருவிகள் காணவில்லை.

கியூபெக்கும் தன் பங்குக்கு ஒரு பாடம் படித்தது. 1988 நவம்பர் 25ஆம் திகதி மாலை சாகனே பகுதியில் 5.9 அளவு நடுக்கம் வந்தது. அது அதிகம் நடுங்காத இடம் என்றே கருதப்பட்டிருந்தது. ஷார்ல்வுவா வலையமைப்புக்கு வெளியே, 29 கிலோமீற்றர் ஆழத்தில், யாரும் பார்த்துக்கொண்டிராத ஒரு பிளவு. இரண்டு நாள் முன்பு 4.7 அளவில் ஒன்று வந்திருந்தது. அது முன்னோடி என்பது பெரியது வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்தியாவில் ஷார்ல்வுவா வலையமைப்புக்கு ஒப்பான வேலை மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நடக்கிறது. 1967 டிசெம்பர் 11ஆம் திகதி, கொய்னா அணை கட்டி நீர் தேக்கிய சில ஆண்டுகளில், 6.3 அளவு நடுக்கம் வந்து ஏறத்தாழ இருநூறு பேர் இறந்தனர். அன்றிலிருந்து இன்றுவரை சுமார் 20க்கு 30 கிலோமீற்றர் பரப்புக்குள் நடுக்கம் நின்றபாடில்லை. ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் அங்கே உள்ளூர் வலையமைப்பு ஒன்றைப் பராமரிக்கிறது. பிளவின் பக்கத்திலேயே மூன்று கிலோமீற்றர் ஆழத்துக்குத் துளையும் போட்டுப் பார்த்தார்கள். தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டால், 1900 பெப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவை ஒட்டிய நடுக்கம் வந்தது. 2001 செப்டெம்பர் 25ஆம் திகதி புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று வந்து சென்னை அடுக்குமாடிகளை அசைத்தது. ஷார்ல்வுவாவைப் போலவே இவையும் தட்டின் விளிம்புக்குத் தூரத்தில் உள்ள பழைய பாறை நிலங்கள். கோயம்புத்தூரை ஒட்டிய பாலக்காட்டுக் கணவாயைச் சுற்றி நெருக்கமான உள்ளூர் வலையமைப்பு ஒன்று பல பத்தாண்டு தொடர்ந்து இயங்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. சின்ன நடுக்கங்களைத் தவறவிடும் ஒவ்வோர் ஆண்டும் திரும்பக் கிடைக்காத தரவு.

மறுபடி சாகனே நடுக்கத்துக்கு வருவோம். லவால்காரருக்கு அதில் நெருக்கமான செய்தி ஒன்று இருக்கிறது. அதன் மையத்திலிருந்து சுமார் 340 கிலோமீற்றர் தள்ளியிருந்த மொன்றியல்-ஈஸ்ட் நகரின் நகரமண்டபக் கட்டடத்தில் செங்கற்சுவர் உடைந்து விழுந்தது. சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலான கட்டடங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மண்டபத்தின் கீழே சுமார் 17 மீற்றர் தடிப்புக்குக் களிமண் இருந்தது.

அந்தக் களிமண் எங்கிருந்து வந்தது? பனிப்பாளம் பின்வாங்கியபோது நிலம் இன்னும் தாழ்ந்தே கிடந்தது. ஏறத்தாழ 13 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அத்திலாந்திக் நீர் உள்ளே புகுந்து, சாம்பிளேன் கடல் என்று இன்று அழைக்கப்படும் உள்நாட்டுக் கடலானது. ஒட்டாவா, மொன்றியல் எல்லாம் அதற்கு அடியில். அந்தக் கடலில் படிந்த நுண்ணிய மண்தான் இது. கடும்பாறையில் எஸ் அலை செக்கனுக்குக் கிலோமீற்றர் கணக்கில் ஓடும். இந்த மென்களிமண்ணில் 150 மீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். வேகம் குறையும்போது அதே ஆற்றலைக் கொண்டுபோக அசைவின் வீச்சு பெருகுகிறது. அதோடு ஒவ்வொரு மண்படைக்கும் தனக்கென்று ஓர் அசைவு வேகம் உண்டு. எஸ் அலையின் வேகத்தை, மண் தடிப்பின் நான்கு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். 17 மீற்றர் களிமண்ணுக்கு 150ஐ 68ஆல் வகுத்தால் செக்கனுக்கு இரண்டு தடவைக்குச் சற்று மேல். நாலைந்து மாடிக் கட்டடம் இயல்பாக ஆடும் வேகமும் ஏறத்தாழ அதுவே. மண்ணும் கட்டடமும் ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கினால் சேதம் கூடும்.

மக்கில் பல்கலைக்கழகத்தின் லூக் சுவினார்டும் பிலிப் ரொசேயும் மொன்றியல் தீவில் இதை இடம் இடமாக அளந்தார்கள். அதற்கு நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாகனம், காற்று, தொழிற்சாலை எல்லாம் சேர்ந்து நிலத்தை எந்நேரமும் இலேசாக அசைத்துக்கொண்டே இருக்கின்றன. மூன்று திசை அசைவையும் பதியும் கருவியை நிலத்தில் கொஞ்ச நேரம் வைத்து, கிடை அசைவைச் செங்குத்து அசைவால் வகுத்துப் பார்த்தால், அந்த மண்ணின் தாளம் ஒரு முகடாகத் தெரிந்துவிடும். வீதி வீதியாக இப்படி எடுத்த அளவீடுகளில், ஒரே நகரில் பாறைமேல் நிற்கும் வட்டாரத்துக்கும் களிமண்மேல் நிற்கும் வட்டாரத்துக்கும் உள்ள வித்தியாசம் துலக்கமாக வந்தது. லவாலிலும் நிலம் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் சுண்ணாம்புப் பாறை தட்டுப்படும். வேறு சில இடங்களில் தடித்த களிமண். எனவே தூரத்து நடுக்கம் ஒன்று எந்த வீட்டை எப்படி ஆட்டும் என்பதை, நடுக்கத்தின் தூரத்தைவிட வீட்டின் கீழே உள்ள மண்ணே அதிகம் தீர்மானிக்கக்கூடும்.

கருவி வலைக்கு இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. கனடா இயற்கை வளத் துறையின் முன்னெச்சரிக்கை அமைப்பு 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கி, பிறகு தெற்குக் கியூபெக், கிழக்கு ஒன்ராறியோ பகுதிகளுக்கும் வந்தது. பிளவுக்குக் கிட்ட உள்ள கருவிகள் முதல் பி அலையைக் கண்டதும் கணினி அளவை மதிப்பிட்டு, ஆபத்தான எஸ் அலை போய்ச் சேருமுன் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும். இது நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வது அல்ல, நடந்துவிட்டதை அலையைவிட வேகமாகச் சொல்வது. ஷார்ல்வுவாவில் பெரிய நடுக்கம் என்றால் எஸ் அலை மொன்றியலுக்கு வர ஏறத்தாழ நூறு செக்கன் எடுக்கும். கணினிக்கான நேரம் போக ஒரு நிமிடத்துக்கு மேல் மிஞ்சும். மேசைக்கு அடியில் போக, அடுப்பை அணைக்க, ரயிலை மெதுவாக்க அது போதும். 2010 யூன் 23ஆம் திகதி மதியம் ஒட்டாவாவுக்கு வடக்கே வால்-டே-புவாவில் வந்த 5.0 போன்றதற்கு நேரம் குறையும். 1732இல் போல நடுக்கம் மொன்றியலுக்குக் கீழேயே பிறந்தால் எச்சரிக்கைக்கு இடமே இருக்காது. அப்போது காப்பாற்றக்கூடியது கட்டடமும் வீட்டுக்குள் முன்பே செய்து வைத்த ஒழுங்கும்தான்.

ஆகவே இங்கே வீடு வைத்திருக்கும் வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். பேஸ்மென்ட்டில் நிற்கும் சுடுதண்ணீர்த் தாங்கியை உலோகப் பட்டையால் சுவரோடு கட்டி வையுங்கள். படுக்கைக்கு மேலே பாரமான சாமிப்படமோ அலுமாரியோ இருந்தால் இடம் மாற்றுங்கள். பழைய செங்கல் புகைபோக்கி உள்ள வீடு என்றால் ஒருதடவை ஆளை விட்டுப் பார்ப்பியுங்கள், 1732இல் வரிசையாக விழுந்தவை அவைதான். சாதாரண வீட்டுக் காப்புறுதியில் நிலநடுக்கம் சேராது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அடுத்த தடவை சுவர் அதிர்ந்தால், வாட்ஸ்அப்பில் கேட்பதோடு நின்றுவிடாமல் கனடா நிலநடுக்க மையத்தின் இணையப் படிவத்தையும் நிரப்பி அனுப்புங்கள். எந்த வீதியில் எவ்வளவு உணரப்பட்டது என்பதைக் கருவிகளால் அறிய முடியாது, அந்தத் தகவல் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. உறைபனி வெடிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.